பெரட்டுக் கணக்கும் நிறுவைக் கணக்கும்

கண்ணெதிரே இல்லாத ஆட்களைக் கொண்ட ஒரு குழுவை எப்படி வழிநடத்துவது என்பது, இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளைக் குழுவினர் இவ்வாண்டுக்குக் குறித்துத் தந்த பொருள். இதைக் கேட்டதும் பெரும்பாலோருக்கு 2020-ஆம் ஆண்டும் ஸூம் திரையும் நினைவுக்கு வரும். இது நேற்று முளைத்த சிக்கல், தீர்வு ஏதாவது ஒரு செயலியில் கிடைத்துவிடும் என்ற எண்ணமும் கூடவே வரும். மலேசியாவின் ஜொகூரில் உட்கார்ந்துகொண்டு அப்படி நினைப்பது சரிப்படாது. தொலைவிலிருந்து நடத்தப்பட்டே வளர்ந்த பொருளாதாரம் இந்த மாநிலத்துடையது. சிகாமட்டிலும் குளுவாங்கிலும் கூலாயிலும் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் காணாத லண்டன்காரர்கள் பல பத்தாண்டுகள் இங்கே தோட்டம் நடத்தினார்கள். அவர்கள் எதை எண்ணினார்கள், எதை எண்ணாமல் விட்டார்கள் என்று பார்த்தாலே இன்றைய குழுத்தலைவருக்குத் தேவையானதில் பாதி கிடைத்துவிடும். தொலைவுக்கு ஒரு விலை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த விலையில் பெரும்பங்கு, தலைவர் தவறான கணக்கைப் பிடித்துக்கொண்டிருப்பதால் வருகிறது என்பதே என் வாதம்.

ரப்பர்த் தோட்ட நிர்வாகத்தின் அடுக்கை எடுத்துக்கொள்வோம். உச்சியில் லண்டன் இயக்குநர் குழு. அதன் கீழே முகவர் நிறுவனம். 1821-இல் அலெக்சாண்டர் கத்ரி சிங்கப்பூரில் தொடங்கிய கத்ரி நிறுவனமும், பின்னர் வந்த ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டும் இதில் பேர்போனவை. தோட்டத்துக்குள் பெரிய துரை, சின்ன துரை, கணக்கெழுதும் கிராணி, வேலையை மேற்பார்க்கும் தண்டல், ஆட்களைச் சேர்த்து வேலை வாங்கும் கங்காணி, கடைசியில் பால் வெட்டும் தொழிலாளி. லண்டன் கடிதம் கப்பலேறி வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். ஆகவே இயக்குநர் குழு இரண்டு ஏற்பாடுகளை நம்பியது. தோட்டத்திலிருந்து முறையாகப் போகும் எழுத்துக் கணக்கு ஒன்று. அவ்வப்போது நேரில் வந்து சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதும் 'விசிட்டிங் ஏஜெண்ட்' மற்றொன்று. அந்த ஏஜெண்ட் தோட்டத் தொழிலில் பழுத்தவர். பட்டை எவ்வளவு ஆழம் சீவப்பட்டிருக்கிறது, வடிகால் அடைத்துக் கிடக்கிறதா, எந்தக் காட்டில் மறுநடவு வேண்டும் என்று பார்த்து எழுதுவார். இந்த ஏற்பாடு எவ்வளவு கெட்டியானது என்பதற்கு 1981 செப்டம்பர் 7 ஒரு சான்று. அன்று காலை லண்டன் பங்குச்சந்தையில் சில மணி நேரத்துக்குள் மலேசிய அரசு சார்ந்த முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல் கத்ரியைக் கைப்பற்றியது. உலு ரெமிஸ் உட்படப் பல தோட்டங்களின் உடைமை லண்டனிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. மறுநாள் காலை தோட்டத்தில் வேலை நடக்க யாரும் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

ஆனால் தோட்டத்துக்குள் ஓடியது ஒரு கணக்கு அல்ல, இரண்டு. முதலாவது பெரட்டு. விடியுமுன் குடியிருப்பு லயத்திலிருந்து ஆட்கள் வந்து வரிசையில் நிற்க, கிராணி விளக்கு வெளிச்சத்தில் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பெயருக்கு நேரே குறி போடுவார். கங்காணிக்கு, தன் ஆட்களில் அன்று வேலைக்கு இறங்கியவர் தலைக்கு இவ்வளவு என்று காசு உண்டு. இந்த ஏற்பாட்டின் விளைவை ஊகிப்பது கடினமில்லை. காய்ச்சலில் கிடப்பவரையும் எழுப்பி வரிசையில் நிறுத்தினால் கங்காணிக்கு ஆதாயம். அந்த ஆள் எத்தனை மரத்தில் பால் வெட்டினார், பட்டையைக் காயப்படுத்தினாரா என்பது கங்காணியின் வரும்படியைத் தொடாது. இரண்டாவது கணக்கு பிற்பகலில் நடக்கும் நிறுவை. பால் வாளிகள் தராசுக்கு வரும். எடையை மட்டும் பார்த்தால் தண்ணீர் கலந்த பாலும் நல்ல பால்தான். ஆகவே மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் விட்டு உண்மையில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று பார்த்தார்கள். தொலைவில் இருக்கும் முதலாளிக்கு இந்த இரண்டாவது கணக்கே பயன்பட்டது. பெரட்டில் எத்தனை பேர் நின்றார்கள் என்பது கூலிச் செலவைச் சொல்லும், விளைச்சலைச் சொல்லாது.

தோட்ட நிர்வாகத்தை முன்மாதிரியாகக் காட்டுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கடனும் பயமும் தாங்கிப் பிடித்த அமைப்பு அது. கங்காணி வழி ஆள்சேர்ப்பை 1938-இல் இந்திய அரசு தடுத்து நிறுத்தியதற்குக் காரணங்கள் இருந்தன. நம் பொருளுக்கு அது தருவது ஒரு சோதனைச் சான்று. ஒரே தோட்டத்தில், ஒரே நாளில், வந்து நிற்பதற்கும் காசு, விளைந்ததற்கும் கணக்கு என்று இரண்டும் ஓடியபோது, முதலாவது வேலை வாங்குபவரின் புத்தியைக் கெடுத்தது, இரண்டாவது அவரைக் கூர்மையாக்கியது.

இப்போது இன்றைய அலுவலகத்துக்கு வருவோம். மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் செயலியில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரிகிறது. சில நிமிடம் மவுஸைத் தொடாவிட்டால் அது மஞ்சளாகிவிடும். அந்தப் புள்ளியைப் பார்த்து வேலை நடக்கிறதா என்று முடிவு செய்யும் மேலாளர் நம்மிடையே குறைவில்லை. இதற்கு மாற்றாக, மவுஸைத் தானாக ஆட்டிக்கொண்டே இருக்கும் ஒரு சிறு கருவி சந்தையில் விற்கிறது. தலைக்கணக்கு எங்கே வந்தாலும் அதை ஏமாற்றும் வழி மறுவாரமே வந்துவிடும், அதில் வியப்பில்லை. இதைவிட முக்கியமானது, கிப்ஸ், மெங்கல், சீம்ரோத் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் ஆசியாவின் பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களின் பதிவுகளை வைத்துக் கண்டது. பெருந்தொற்றின்போது வீட்டுக்குப் போன அந்த ஊழியர்கள் முன்னைவிட அதிக நேரம் உழைத்தார்கள். விளைவு கூடவில்லை, சற்றுக் குறைந்தது. ஒரு மணி நேர உழைப்புக்குக் கிடைத்த பலன் 8 முதல் 19 விழுக்காடு வரை இறங்கியது. நேரம் எங்கே போனது? கூட்டங்களில். கவனம் கலையாமல் உட்கார்ந்து வேலை பார்க்கும் பொழுது குறைந்தது, மேலாளரோடு தனியாகப் பேசி வழிகாட்டல் பெறும் பொழுதும் குறைந்தது. பெரட்டு பெருகி நிறுவை சுருங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சோம்பேறித்தனம் என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் இந்தப் பதிவுகளில் தென்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் கூட்டத்தின் இடத்தில் எதை வைப்பது? எழுத்தை என்பது என் விடை. அதற்கு ஜொகூரிலேயே பதினொரு ஆண்டு அனுபவம் இருக்கிறது. 2014 ஜனவரி 1 முதல் 2024 முடிய இம்மாநிலத்தின் வார விடுமுறை வெள்ளியும் சனியும். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் சனியும் ஞாயிறும். ஜொகூர் அரசு அலுவலகமோ வங்கிக் கிளையோ தலைநகரத்துச் சகாக்களோடு ஒரே நேரத்தில் வேலையில் இருந்தது திங்கள் முதல் வியாழன் வரை நான்கே நாள். இதைப் பற்றிய முறையீடு அந்தக் காலம் முழுதும் ஒலித்தது, நியாயமும் இருந்தது. ஆனால் வியாழன் மாலை புறப்படும் ஒரு கோரிக்கையைப் பின்தொடர்ந்து பாருங்கள். "ஏதாவது அப்டேட் இருக்கா?" என்று ஒரு வரி அனுப்பினால், வெள்ளியன்று கோலாலம்பூர்க்காரர் "எதைப் பற்றி?" என்று கேட்பார். ஞாயிறன்று ஜொகூர் அதைப் படிக்கும். திங்கட்கிழமைதான் விஷயமே தொடங்கும். அதே வியாழன் மாலை, "அறிக்கை மூன்றாம் அட்டவணை வரை முடிந்தது, கோப்பு இன்ன இடத்தில் இருக்கிறது. நான்காவதுக்கு உங்கள் கணக்குப் பிரிவின் டிசம்பர் எண் வேண்டும். கிடைக்காவிட்டால் நவம்பர் எண்ணைப் போட்டு அடிக்குறிப்பு எழுதிவிடலாம், அந்த முடிவை நீங்களே எடுக்கலாம்" என்று எழுதியிருந்தால், வெள்ளியன்று கோலாலம்பூரில் வேலை நடக்கும், ஞாயிறன்று ஜொகூரில் நடக்கும், திங்கள் காலை அறிக்கை மேசைக்கு வந்துவிடும். ஒரே நாள்காட்டி எழுதத் தெரியாத குழுவுக்கு நான்கு நாள் வாரத்தையும், எழுதத் தெரிந்த குழுவுக்கு ஆறு நாள் வாரத்தையும் தந்தது. ஆறு நாளும் வெவ்வேறு ஆட்கள் உழைத்தது என்பதால் யாருக்கும் கூடுதல் சுமையும் இல்லை.

அந்தக் குறிப்பின் கடைசி வரிதான் உயிர்நாடி. தகவலை எழுதுவது எல்லாரும் செய்வது. யார் எதுவரை முடிவெடுக்கலாம் என்பதை எழுதுவதுதான் தலைமை. தொலைவுக் குழுக்கள் பெரும்பாலும் தேங்குவது வேலை தெரியாததால் அல்ல, அனுமதிக்குக் காத்திருப்பதால். ஒரு கட்டடத்துக்குள் அந்த அனுமதி நடைபாதையில் ஒரு தலையசைப்பில் கிடைத்துவிடும். தொலைவில் அது ஒரு நாளைத் தின்னும். ஆகவே எத்தனை ரிங்கிட் வரை கேட்காமல் செலவிடலாம், எந்த வாடிக்கையாளருக்கு நேரடியாகப் பதில் எழுதலாம், எது கட்டாயம் தலைவரிடம் வரவேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைப்பவர் பாதிக் கூட்டங்களை ஒழித்துவிடுகிறார். அலுவலகமே இல்லாமல் பல நாடுகளில் ஆட்களை வைத்து இயங்கும் கிட்லேப் நிறுவனம் தன் நடைமுறைகளில் பெரும்பகுதியை பல்லாயிரம் பத்திகள் கொண்ட கையேடாக எழுதி இணையத்தில் திறந்தே வைத்திருக்கிறது. நமக்கு அவ்வளவு பெரிய கையேடு தேவைப்படாது. பத்துப் பேர் குழுவுக்கு நான்கு பக்கம் போதும், அந்த நான்கு பக்கத்தைத் தலைவரே எழுதியிருக்க வேண்டும்.

நம் ஆட்கள் பேசிப் பழகியவர்கள், எழுத்து நமக்கு ஒத்துவராது என்று இதற்கு ஒரு மறுப்பு எழும். மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ் கலந்த குழுவில் எந்த மொழியில் எழுதுவது என்ற கேள்வியும் சேர்ந்து வரும். மொழிக் கேள்வி உண்மையானது. ஒரு மொழியைக் குழு தேர்ந்துகொள்ள வேண்டும், இலக்கணப் பிழையைக் கேலி செய்பவரைத் தலைவர் அடக்க வேண்டும். ஆனால் பேச்சுப் பழக்கம் என்ற வாதம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. நம் கூட்டங்களில் பேசுகிறவர் யார்? பதவியில் மூத்தவரும் ஆங்கிலம் சரளமாக வருகிறவரும். மற்றவர்கள் ஒலிவாங்கியை அணைத்துவிட்டுத் தலையாட்டுவார்கள். பெரியவர் முன் "அது சரிவராது ஐயா" என்று வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் இளையவருக்கு, இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டு காரணத்தோடு எழுதும் வாய்ப்பு ஒரு பாதுகாப்பு. எழுத்து முறைக்கு மாறியதும் இதுவரை கேளாத குரல்கள் கேட்கத் தொடங்கும். சில தலைவர்கள் எழுத்தை விரும்பாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதைவிடக் கனமான மறுப்பு சென்னையிலிருந்து வருகிறது. அட்கின், ஷோர், ஷிண்டே ஆகியோர் சென்னையில் தரவுப் பதிவு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலரை வீட்டிலும் சிலரை அலுவலகத்திலும் அமர்த்திப் பார்த்தார்கள். வீட்டிலிருந்தவர்களின் உற்பத்தித்திறன் 18 விழுக்காடு குறைவு. அதில் மூன்றில் இரு பங்கு முதல் நாளிலேயே தெரிந்தது. எஞ்சியது, அலுவலகத்தில் இருந்தவர்கள் வேகமாகக் கற்றுக்கொண்டதால் வந்தது. வீடே வேண்டும் என்று விரும்பியவர்கள் அடிப்படைத் திறமையில் கூடியவர்கள், ஆனால் வீட்டில் அவர்களுக்கு ஏற்பட்ட சரிவு மற்றவர்களைவிட அதிகம். தங்கள் விருப்பத்தாலேயே இழப்புக்கு உள்ளானவர்கள் என்று சொல்லலாம், அல்லது வீட்டுப் பொறுப்பு அதிகம் இருந்ததால்தான் அவர்கள் வீட்டை விரும்பினார்கள் என்றும் சொல்லலாம். எப்படிப் பார்த்தாலும் இந்த எண்ணை ஒதுக்கிவிட முடியாது. இதற்கு எதிராக நிக்கோலஸ் புளூமும் கூட்டாளிகளும் சீனாவின் சிட்ரிப் பயண நிறுவனத்தில் ஒன்பது மாதம் நடத்திய சோதனை நிற்கிறது. வாரத்தில் நான்கு நாள் வீட்டிலும் ஒரு நாள் அலுவலகத்திலும் இருந்த அழைப்பு மையத்தார் 13 விழுக்காடு கூடுதலாக வேலை பார்த்தார்கள், வேலையை விட்டுப் போவது பாதியாகக் குறைந்தது. ஆனால் அவர்கள் அனுபவசாலிகள், விரும்பி வந்தவர்கள், வீட்டில் தனி அறை உள்ளவர்கள்.

இரண்டு சோதனையும் முரண்படுவதாகத் தோன்றும், உண்மையில் முரண்படவில்லை. சென்னையில் அளக்கப்பட்டது புதியவரின் வீடு. சிட்ரிப்பில் அளக்கப்பட்டது பழகியவரின் தனி அறை. இரண்டிலும் தொலைவு என்பது அளக்கப்பட்டவற்றுள் ஒன்று மட்டுமே. வீட்டிலிருந்து வேலை செய்வதும் தலைவரிடமிருந்து விலகி வேலை செய்வதும் வேறு வேறு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ மென்பொருள் நிறுவனம் 2011 முதல் நடத்திவரும் அலுவலகம் இந்த வேறுபாட்டின் மீது கட்டப்பட்டது. சென்னைத் தலைமையகத்திலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், அதே மென்பொருள்களில் வேலை, ஆனால் ஊழியர் உட்காருவது படுக்கையறையில் அல்ல, மின்சாரமும் இணையமும் மூத்த சகாவும் உள்ள ஓர் அலுவலகத்தில். நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவே 2019-இல் அங்கே குடிபெயர்ந்து, உலகெங்கும் வாடிக்கையாளர் உள்ள நிறுவனத்தை அந்தக் கிராமத்திலிருந்து சில ஆண்டுகள் நடத்தினார். தலைவரே தொலைவுக்குப் போய்விட்டால் தொலைவில் இருப்பது குறைபாடு என்று யாரும் நினைக்க முடியாது. பத்து மாடி வீட்டு அடுக்கில் மூன்று அறைக்குள் ஆறு பேர் வாழும் ஜொகூர் பாரு இளைஞருக்கும் இதே விடை பொருந்தும். பாசிர் கூடாங்கிலோ ஸ்கூடாயிலோ ஒரு சிறு அலுவலக அறை, வாரத்தில் மூன்று நாள், பக்கத்தில் ஓர் அனுபவசாலி. தலைவர் எங்கே இருந்தாலும் பரவாயில்லை.

புதியவர் கற்பது பற்றிய இந்தக் கவலையை நான் சற்று வலியுறுத்த விரும்புகிறேன், ஏனென்றால் தொலைவு வேலையின் ஆதரவாளர்கள் இதை விரைவாகக் கடந்துபோகிறார்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் அமெரிக்க ஊழியர்கள் 61,182 பேரின் தொடர்புகளை ஆராய்ந்து 2022-இல் வெளிவந்த ஆய்வு, 2020-இன் முதல் பாதியில் குழுக்களுக்குள் உறவு இறுகி, குழுக்களுக்கு இடையிலான உறவு மெலிந்ததைக் காட்டியது. அன்றாட வேலைக்கு அதனால் உடனடி இழப்பு தெரியாது. அடுத்த துறையில் யாருக்கு என்ன தெரியும் என்ற அறிவு மெல்லத் தேயும், புதிதாக வந்தவருக்கு அது கிடைக்கவே கிடைக்காது. விசிட்டிங் ஏஜெண்டை நினைவுபடுத்தியது இதற்காகத்தான். அவர் ஆளை எண்ண வரவில்லை, மரத்தைப் பார்க்க வந்தார். தொலைவுக் குழுவின் தலைவர் ஆண்டுக்குச் சில முறை நேரில் வரும்போது அதையே செய்ய வேண்டும். விருந்தும் குழுப் படமும் இருக்கட்டும், ஒரு முழு நாள் ஊழியரின் பக்கத்தில் அமர்ந்து அவர் செய்யும் வேலையை அவர் திரையில் பார்ப்பது, எங்கே தடுக்கிறது என்று கேட்பது, பார்த்ததை எழுதி அவருக்கே அனுப்புவது.

இது மடிக்கணினிக்காரர்களின் பேச்சு, தொழிற்சாலையில் நிற்பவருக்கும் மருத்துவமனையில் பணிபுரிபவருக்கும் இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 2020 மார்ச் 16 இரவு மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அறிவிக்கப்பட்டு 18-ஆம் தேதி அமலுக்கு வந்தபோது அந்தக் கேள்வி நிஜமாக எழுந்தது. நாள்தோறும் ஜொகூர்–சிங்கப்பூர்ப் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலைக்குப் போய்வந்த சுமார் மூன்று லட்சம் மலேசியர்களில், கணினியில் வேலை பார்த்தவர் வீட்டிலிருந்து தொடரலாம். இயந்திரத்தில் வேலை பார்த்தவர் ஒரு நாளுக்குச் சற்றே கூடுதலான நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டியிருந்தது, அங்கேயே தங்குவதா, இங்கே நின்று சம்பளத்தை இழப்பதா என்று. தரைவழி எல்லை முழுமையாகத் திறக்க 2022 ஏப்ரல் 1 ஆனது. தலைமைத் திறன் எதுவும் அந்த வேறுபாட்டை அழிக்காது. ஆனால் செனாயில் இயங்கும் ஆலையின் முடிவுகள் சிங்கப்பூரிலோ ஒசாகாவிலோ எடுக்கப்படும்போது, ஆலையில் நிற்பவரும் ஒரு தொலைவுக் குழுவின் உறுப்பினர்தான். தலைமையகம் அவரைப் பற்றி எதை எண்ணுகிறது என்பது அவர் வாழ்க்கையையும் தீர்மானிக்கிறது.

சட்டமும் இதற்குள் மெல்ல நுழைந்திருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த மலேசிய வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம், வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்துப்பூர்வமாக விண்ணப்பிக்க வழி செய்கிறது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 1 முதல் அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு நெறிமுறைகள் ஏறத்தாழ அதையே இரண்டு மாதக் கெடுவுடன் கேட்கின்றன. இரண்டுமே உரிமை தரவில்லை, கேட்கும் முறையை மட்டுமே தருகின்றன என்று குறை சொல்பவர்கள் உண்டு. குறை சரிதான். இருந்தாலும் மறுப்புக்குக் காரணத்தை எழுதும் கட்டாயம் சிறிய விஷயமல்ல. "ஆளைப் பார்க்க முடியாது" என்பதைக் காரணமாக எழுதிக் கையெழுத்திடும்போது, தான் எதை எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்பது மேலாளருக்கே தெரிந்துவிடும்.

2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டல ஒப்பந்தம் பாலத்தின் இரு பக்கமும் கால் வைத்த குழுக்களை இன்னும் பெருக்கும். ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கு மேல் பெறும் காலத்தில், ஒரே வேலையைச் செய்யும் இருவர் இரண்டு வெவ்வேறு சம்பள உலகங்களில் இருப்பார்கள். அதைக் குழுத்தலைவர் மாற்றிவிட முடியாது, மறைக்கவும் முயலக்கூடாது. அவர் கையில் இருப்பது பதவி உயர்வு. சிட்ரிப் சோதனையில் வீட்டிலிருந்தவர்கள் அதிகம் வேலை பார்த்தார்கள் என்றேன். அதே சோதனையில், சமமான திறன் காட்டியவர்களுள் அவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. இத்தனை நேரம் பேசியதை ஒரு குழு கடைப்பிடிக்கிறதா என்று சோதிக்க நீண்ட படிவம் வேண்டாம். கடந்த இரண்டு ஆண்டில் அந்தக் குழுவில் உயர்வு பெற்றவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவரும் தலைவர் அமர்ந்த கட்டடத்தில் இருந்தவரா, பாலத்தின் மறுபக்கம் இருந்தவரா என்று பெயருக்கு நேரே எழுதிப் பார்த்தால் போதும்.